ஊன்றுகோலும் தர்ம திரவியமும்

 

தீர்த்தங்கரர் 24 பேருள் 20 பேர் வீடுபேறு எய்திய திருமலை சம்மேத சிகரமாகும். ஆதிபகவன் கயிலையிலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் ஊர்ஜயந்தகிரியிலும், வர்த்தமான மகாவீரர் பாவாபுரியிலும் முக்தியடைந்தனர். ஏனைய அனைவரும் இருவினை அறுத்து உலகின் உச்சிக்கு உயர்ந்த இடம் இம்மலையே. ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிரிடி மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,365 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதனை வாழ்வில் ஒருமுறையேனும் வலம்வர வேண்டும் என்பது நம் இல்லந்தோறும் உள்ள விருப்பம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் குடியேறி வாழும் நம் குடும்பங்களிலும் இவ்விருப்பம் குறைவற உள்ளது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டு வேலையின் பொருட்டு இங்கு வந்தவர்கள் நாம். தொழிற்பேட்டையிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து, மக்களைப் படிக்க வைத்து, மணம் முடித்து, ஓய்வு பெற்ற பின்னரே யாத்திரையை நினைக்கிறோம். அந்நேரத்தில் மனம் மலையை நோக்கி நடக்கிறது. முழங்கால் நடக்க மறுக்கிறது. 'கோல் ஒன்று இருந்தால் ஏறிவிடலாமே' என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

சென்ற முறை நம் பகுதியிலிருந்து ஒரு குழுவாகச் சிகர்ஜி யாத்திரை புறப்பட்டபோது, பயணச்சீட்டைப் பற்றியோ தங்குமிடத்தைப் பற்றியோ எழாத விவாதம் ஊன்றுகோலைப் பற்றி எழுந்தது. கோல் ஊன்றி ஏறினால் யாத்திரையின் பயன் குறையாதா என்றார் ஒருவர். கோலை இங்கிருந்து சுமந்து செல்வதா, அடிவாரத்தில் வாங்கிக் கொள்வதா என்றார் மற்றொருவர். 'கோல் ஊன்றும் நிலையில் உள்ளவர் வீட்டிலிருந்தே வணங்கலாமே' என்றார் மூன்றாமவர். இம்மூன்றும் சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் ஆராய்ந்து பார்த்தால் அறத்தின் அடிப்படைகளைத் தொடுகின்றன. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த முதற் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, கண்ணால் காண்பதிலிருந்து கருத்தால் காண்பதற்குச் செல்க என்பதாகும். அவ்வழியே, கையில் உள்ள கோலிலிருந்து தொடங்குவோம்.

நம் மொழியில் கோல்கள் பல. அரசன் கையில் செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். தச்சன் கையில் அளவுகோல். புலவன் கையில் எழுதுகோல். உழவன் கையில் தார்க்கோல். இவை யாவும் பிறரையோ பிற பொருளையோ நோக்கிச் செல்லும் கோல்கள். ஊன்றுகோல் ஒன்றே பிடித்தவனுடைய தளர்ச்சியை அவனுக்கே நினைவூட்டுவது. ஆகையால்தான் அதைக் கையில் எடுக்கப் பலர் கூசுகின்றனர். அக்கூச்சத்தின் பெயர் மானம் என்னும் கஷாயம். குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கனுள் ஒன்றை மலையடிவாரத்திலேயே இறக்கி வைக்க ஒரு மூங்கிற்கழி உதவுமாயின், அக்கழி நமக்குச் செய்யும் முதல் நன்மை அதுவேயாகும்.

முதல் வினாவிற்கு வருவோம். கோல் ஊன்றுதல் தவத்திற்குக் குறைவா?

திகம்பர முனிவர் கைக்கொள்ளும் பொருள்கள் மிகச் சிலவே. உயிர்களை ஊறின்றி விலக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்திற்குச் சாத்திரம். கோல் அவர்களுக்கு இல்லை. சுவேதாம்பரருள் மூர்த்திபூசக மரபைச் சார்ந்த சாதுக்கள் தண்டம் ஏந்தி விகாரம் செல்வதை நம் நெடுஞ்சாலைகளில் காணலாம். இரு மரபினரும் நடந்தே செல்பவர். இரு மரபினரும் பற்றற்றவர். எனவே துறவின் அளவுகோல் ஊன்றுகோல் அன்று என்பது தெளிவு.

நம் தமிழ் இலக்கியத்திலும் ஒரு நெடும்பயணம் உண்டு. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், புகார் நகரின் புறத்தே தவம் செய்திருந்த கவுந்தியடிகள், கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குப் புறப்படுகிறார். வழித்துணையாக மட்டும் அவர் செல்லவில்லை. மதுரையில் உள்ள குற்றமற்ற கேள்வியரிடம் அறவுரை கேட்கவும் அறிவனை வணங்கவும் தமக்கே விருப்பம் உண்டு என்கிறார். அவர் எடுத்துக்கொண்டவை பிச்சைப் பாத்திரமும், தோளில் இடும் உறியும், கைப்பீலியும் ஆகும். அவ்வளவே. புறப்படும் இடத்தில் என்ன எடுத்துக்கொள்வது என்பதை இளங்கோவடிகள் இரண்டே அடிகளில் சொல்லிப் போகிறார். நாமோ அதற்கு மூன்று கூட்டங்கள் கூட்டுகிறோம்!

ஆனால் அன்பர்களே, கவுந்தியடிகள் துறவி; நாம் இல்லறத்தார். அவருக்கு மகாவிரதம், நமக்கு அணுவிரதம். இல்லறத்தார்க்குப் பொருள் வைத்துக்கொள்ளுதல் விலக்கப்படவில்லை. அளவு செய்துகொள்ளுதலே விதிக்கப்பட்டது. மேலும், பொருள் தானே பரிக்கிரகம் ஆவதில்லை. அதன்பால் உள்ள மயக்கமே பரிக்கிரகம் என்பது ஆகம முடிபு. பத்து ரூபாய் மூங்கிற்கழியை 'என் கழி' என்று சண்டையிட்டுப் பிடிப்பவன் பரிக்கிரகி. விலையுயர்ந்த மடக்குக் கோலை, இறங்கியவுடன் தேவையுள்ள ஒருவர் கையில் மகிழ்ந்து கொடுத்துவிட்டு வருபவன் அக்கோலால் கட்டுண்டவன் அல்லன். எனவே கோல் ஊன்றுதல் குறைவன்று; அதனை எவ்வுள்ளத்தோடு ஊன்றுகிறோம் என்பதே வினா.

இனி, கண்ணால் காண்பதிலிருந்து கருத்தால் காண்பதற்குச் செல்வோம்.

திரவியங்கள் ஆறு என்று நம் சிறுவர்களும் ஒப்பிப்பர்: சீவன், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம். இவற்றுள் தர்மம், அதர்மம் என்னும் இரண்டையும் அறம், மறம் என்று பொருள் கொண்டு மயங்குவோர் பலர். இங்கு தர்மம் என்பது இயக்கத்திற்குத் துணையாகும் திரவியம். நம் தமிழ் நூல்கள் தன்மாத்திகாயம் என்று வழங்குவது. அதர்மம் என்பது நிலைபேற்றிற்குத் துணையாகும் திரவியம். மீன் நீந்துவதற்கு நீர் எவ்வாறோ அவ்வாறு தர்மம். வழிப்போக்கன் தங்குவதற்கு நிழல் எவ்வாறோ அவ்வாறு அதர்மம் என்று நேமிசந்திர ஆச்சாரியரின் திரவிய சங்கிரகம் விளக்குகிறது.

இவ்வுவமையில் நுட்பம் ஒன்று உண்டு. நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்த விரும்பாத மீனை நீந்த வைப்பதும் இல்லை. ஆயினும் நீர் இன்றி மீன் நீந்த இயலாது. நிழல் வழிப்போக்கனைக் கைபிடித்து அமர்த்துவதில்லை; அவன் அமர விரும்பினால் இடம் தருகிறது. தர்ம திரவியமும் அவ்வாறே உலகாகாயம் முழுதும் பரவி நின்று, தானாக இயங்கும் உயிர்க்கும் புத்கலத்திற்கும் துணை நிற்கிறது. முக்தியடைந்த உயிர் உலகின் உச்சியில் நின்றுவிடுவதும் இதனாலேயே. அதற்கப்பால் தர்ம திரவியம் இல்லை.

இப்போது ஊன்றுகோலைப் பாருங்கள். அது நம்மைத் தள்ளுகிறதா? இல்லை. சுவரில் சாய்த்து வைத்தால் சாய்ந்தே கிடக்கும். நாம் அடி வைத்தால் துணை நிற்கும், நின்றால் தாங்கும். இயக்கத்திற்கும் துணை, இளைப்பாறலுக்கும் துணை. கோல் உருவுடைய புத்கலம். தர்ம திரவியமோ உருவற்றது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பாடம் கற்பிக்க இதனினும் எளிய கருவி வேறில்லை. நடப்பவனே நடையின் உபாதான காரணம். கோல் நிமித்த காரணம். குருவின் உபதேசமும், கோவிலும், யாத்திரையும், சிகர்ஜியும்கூட நிமித்தங்களே. எடுத்து வைக்க வேண்டிய அடி நம்முடையது. இதனை மறந்தவர் ஒரு பக்கம், 'மலைக்குப் போய்விட்டால் வினை தானே கழியும்' என்று எண்ணுகின்றனர். மறுபக்கம், 'நிமித்தம் எதற்கு, எல்லாம் உள்ளத்தில் உள்ளது' என்று நீரற்ற குளத்தில் மீனை விடுகின்றனர். இரண்டும் நற்காட்சி ஆகா.

இனி இரண்டாம் வினா: கோல் அடிவாரத்தை எவ்வாறு சேர்வது?

சென்னை சென்ட்ரலிலிருந்து ஹௌரா சென்று, வண்டி மாறி, பாரசநாத் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியே மதுவனம் சேர வேண்டும். மதுவனமே மலையின் அடிவாரம். அங்கே மூங்கிற்கழிகள் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கின்றன. கோவை வெள்ளியங்கிரி மலையேறும் அன்பர்கள் பூண்டி அடிவாரத்தில் கழி வாங்குவதை நம்முள் பலர் அறிவர், அதுபோலவே இங்கும். ஆகவே நல்ல காலுடைய யாத்ரிகர் கழியை இங்கிருந்து சுமந்து செல்ல வேண்டுவதில்லை. அம்மலையைச் சுற்றி வாழும் எளிய மக்களுக்கு அக்கழிகள் பிழைப்பு. நாம் கொடுக்கும் சிறு தொகை ஒரு வீட்டில் அடுப்பு எரியச் செய்யும். சந்தால் மக்களும் அம்மலையைத் தம் தெய்வமாக, மராங் புரு என்று போற்றி வணங்குகின்றனர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். விருந்தினராகச் செல்பவர் வீட்டாரை மதிக்க வேண்டாவோ?

ஆனால் எல்லாருக்கும் மூங்கிற்கழி பொருந்தாது. முழங்கை தாங்கும் கோல், நான்கு கால் உள்ள கோல், அளவு கூட்டிக் குறைக்கும் அலுமினியக் கோல் ஆகியவை தேவைப்படுவோர் தம் கைக்குப் பழகியதை இங்கிருந்தே கொண்டு செல்ல வேண்டும். புதிய கோலை மலையடிவாரத்தில் முதன்முறை பிடிப்பது, தேர்வு நாளன்று புதிய பேனா வாங்குவது போன்றது. அத்தகையோர்க்குச் சில குறிப்புகள்:

கையைத் தளரத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது, மணிக்கட்டின் மடிப்பு எங்குள்ளதோ அங்குக் கைப்பிடி வருமாறு கோலின் உயரம் அமைய வேண்டும். நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கோலைப் பிடிக்க வேண்டும். பலர் நோவுள்ள பக்கமே பிடிக்கின்றனர். அடிமுனையின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் புறப்படுமுன் மாற்றி, மாற்றுக்கு ஒன்று பையில் வைக்க வேண்டும். இரயிலில் செல்வோர் கோல்களைத் தனித்தனியே விடாமல் ஒரே கட்டாகச் சாக்கில் சுற்றி, ஒவ்வொரு கோலிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, கட்டு முழுவதையும் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்பது வகுப்பறையில் நாம் கண்ட உண்மை. விமானத்தில் செல்வோர் கூர்முனை உள்ள மலையேற்றக் கோல்களைக் கையில் எடுத்துச் செல்ல இயலாது. சரக்குப் பெட்டியில் இட்டு அனுப்ப வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு திங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் கோலோடு நடந்து பழக வேண்டும். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதை இருக்கிறது; ஏற்றம் பழகப் பொன்னூர் மலை இருக்கிறது. குந்தகுந்த ஆச்சாரியரின் திருவடி வணங்கிப் பழகிய கால், சிகர்ஜியில் தடுமாறாது.

எம் குழுவில் இவ்வாறே செய்தோம். தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், பயன்படாமல் கிடந்த அலுமினியக் குழாய்களை அளவாக வெட்டிக் கைப்பிடி பொருத்தித் தந்தார். அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. யாத்திரைக்கு அவர் வரவில்லை. 'கோல் போகிறது, நான் போகவில்லை' என்று சிரித்தார். அவருக்கு நாம் சொன்ன விடை இது: வினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகை. தீவினையில் இம்மூன்றும் நம்மைக் கட்டும் என்று அஞ்சுகிறோம் அல்லவா? நல்வினையிலும் இம்மூன்றும் உண்டு. பிறர் ஏறுவதற்குத் துணை செய்து, அவர் ஏறியதில் உள்ளம் மகிழ்பவன் மலையடிவாரத்தைக் காணாமலே யாத்திரையில் பங்கு பெறுகிறான். உயிர்கள் ஒன்றற்கொன்று உதவி வாழ்வன என்னும் உமாசுவாமி ஆச்சாரியரின் கருத்தும் இதுவேயாகும்.

அடுத்து, கோலும் கொல்லாமையும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

இரண்டு கால் மண்ணில் படும் இடத்தில் கோலோடு மூன்று படுகின்றன. கோலின் முனை கூரியதாயின் ஒவ்வோர் ஊன்றலும் ஒரு குத்து. எறும்பும் புழுவும் பூச்சியும் அம்மலையில் நம்மைப் போலவே வாழ வந்தவை. கவுந்தியடிகள் கோவலனுக்கு வழியின் இடர்களைச் சொல்லும்போது, கழனிக் கரையில் நடக்கையில் நண்டும் நத்தையும் காலடியில் சிக்கி வருந்துமே, அத்துன்பத்தைத் தாங்க இயலாதே என்கிறார். கள்வரையும் விலங்கையும் அஞ்சும் வழியில், தம் காலடியையே அஞ்சிய உள்ளம் அது. ஈரியா சமிதி என்று நாம் படிப்பதைக் காவிரிக் கரையில் தமிழில் நடந்து காட்டியவர் அவர்.

நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, பகல் ஒளியில், விரையாது நடத்தல் ஈரியா சமிதி. ஆனால் சிகர்ஜியில் என்ன காண்கிறோம்? ஏற்றம் 9 கிலோமீட்டர், டோங்குகளை வலம்வருதல் 9 கிலோமீட்டர், இறக்கம் 9 கிலோமீட்டர் என 27 கிலோமீட்டர் ஒரே நாளில் முடிக்க வேண்டி, நள்ளிரவு கழிந்தவுடனே பலர் புறப்படுகின்றனர். மலையில் உண்பதில்லை என்ற நோன்பும் அவர்களை விரைவிக்கிறது. இருளில் ஊன்றும் கோல் எதன்மேல் விழுகிறது என்பதை யார் அறிவார்? விடியலில் புறப்பட இயல்வோர் விடியலில் புறப்படுக. இருளில் ஏற நேர்வோர் நல்ல கைவிளக்கைக் கோல்முனைக்கு முன்னே காட்டுக. கூரிய இரும்பு முனையை விடுத்து ரப்பர் முனையை ஏற்றுக. கோலைத் தரையில் குத்தாது வைத்து எடுக்கப் பழகுக. இறங்கியபின் ஈரியாபத சுத்தி செய்கையில், காலடியால் நேர்ந்த பிழையோடு கோலடியால் நேர்ந்த பிழையையும் எண்ணி வருந்துக.

சப்பான் நாட்டில் சிக்கோக்கு என்னும் தீவில் 88 பௌத்தக் கோவில்களைச் சுற்றி வரும் யாத்திரை ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வழி. அவ்வழி நடப்போர் தம் கோலைத் தம் குருவாகிய கோபோ தைசியாகவே கருதுகின்றனர். மாலையில் விடுதி சேர்ந்ததும் தம் காலைக் கழுவுமுன் கோலின் அடியைக் கழுவுகின்றனர். பாலங்களின் மேல் கோலைத் தட்டுவதில்லை. அடியில் குரு உறங்கக் கூடும் என்பது அவர்தம் நம்பிக்கை. அவர் நம்பிக்கை வேறு, நம் சமயம் வேறு. ஆயினும் பாலத்தின் அடியில் உறங்குபவருக்காகக் கோலைத் தூக்கிப் பிடிக்கும் அப்பண்பு, புல்லின் அடியில் உறங்கும் உயிருக்காகக் கோலை மெல்ல வைக்கும் நம் பண்புக்கு உறவன்றோ?

2019 ஆம் ஆண்டில் வந்த அரசு அறிவிப்பினால் இம்மலை சுற்றுலாத் தலமாகிவிடுமோ என்று நாடெங்கும் நம் சமயத்தார் வருந்திக் குரல் எழுப்பியதும், 2023 சனவரி 5 அன்று மத்திய அரசு அங்குச் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்தி வைத்ததும் நீங்கள் அறிந்தவையே. அரசின் ஆணை மலையைப் பிறரிடமிருந்து காக்கலாம். நம் கால்களிடமிருந்து காப்பது நம் கடமை.

இனி மூன்றாம் வினா. 'கோல் ஊன்றும் நிலையில் உள்ளவர் வீட்டிலேயே இருக்கலாமே' என்பது. இதைச் சொன்னவர் அன்பினாலேயே சொன்னார். பெற்றோர் வழியில் விழுந்துவிடுவரோ என்ற அச்சத்தினால் சொன்னார். ஆயினும் மக்களே, மருமக்களே, சற்றுக் கேளுங்கள்.

சமண முனிவர் அருளிய நாலடியாரில் இளமை நிலையாமை என்றோர் அதிகாரம் உண்டு. அங்கு ஒரு பாடலில், உடல் தளர்ந்து நிற்கும் ஒருத்தியின் கையில் உள்ள கோல், முன்பு அவள் தாயின் கையில் இருந்த கோலே என்ற செய்தி வருகிறது. அழகில் மயங்குவோர்க்கு அறிவுறுத்தச் சொன்ன பாடல் அது. எழுபதைக் கடந்த எமக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. தாயின் கோல் மகளுக்கு வந்தது. நாளை பேத்திக்கும் வரும். இன்று முதியோர் எவ்வழியே நடக்க விடப்படுகின்றனரோ, அவ்வழியே நாளை நீங்களும் நடப்பீர்கள். முதியோரை வீட்டில் அமர்த்திவிட்டு யாத்திரைப் படங்களைக் கைப்பேசியில் காட்டும் குடும்பம், தன் முதுமைக்கும் அதே நாற்காலியைத் தயார் செய்கிறது.

முதியோர்க்கு டோலி உண்டே என்பீர்கள். உண்டு. நடக்கவே இயலாதார்க்கு அது உதவி. அதைச் சுமப்பார்க்குக் கூலி. அதனைப் பழித்தல் தகாது. ஏறுபவர் தம் எடையை மறைக்காமல், பேசிய கூலியைக் குறைக்காமல், சுமப்பவர் இளைப்பாறக் கேட்குமுன் தாமே இறங்கி அமர்தல் வேண்டும். மனிதர் தோளில் ஏறுகிறோம் என்ற நினைவு வழி முழுதும் இருக்க வேண்டும். ஆனால் பாதி வழியேனும் நடக்க வல்லாரை, வசதி கருதி டோலியில் ஏற்றுவதற்குமுன் ஒரு கோலையும் ஒரு நாளையும் அவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

எம் குழுவில் எம்மினும் மூத்த அம்மையார் ஒருவர் வந்தார். இரு முழங்கால்களும் தேய்ந்தவர். மகன்கள் தடுத்தும், 'எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்' என்று சொல்லிப் புறப்பட்டார். அவருக்கென வெட்டிய கோல் ஹௌராவில் வண்டி மாறும் நெரிசலைத் தாண்டி மதுவனம் சேர்ந்தது. விடியலில் கந்தர்வ நாலாவைக் கடந்தார். சீதா நாலா வரை வந்தார். அதற்குமேல் கால் எழவில்லை. அங்கே ஒரு பாறையில் அமர்ந்தார். எங்களுள் ஒரு பெண்ணின் மூங்கிற்கழி வழியில் பிளந்து போயிருந்தது. அம்மையார் தம் கோலை அவளிடம் நீட்டி, 'இதை எடுத்துக்கோம்மா. கௌதம சுவாமி டோங்குலயும் பார்சுவநாதர் டோங்குலயும் எனக்காகவும் ஒரு நமஸ்காரம் பண்ணிடு' என்றார். அவள் தயங்கினாள். 'எனக்கு இங்க உட்காரக் கோல் எதுக்கு?' என்றார். மாலையில் நாங்கள் இறங்கி வருமளவும், இளைஞர் ஒருவர் துணையிருக்க, நவகாரம் செபித்தவாறு அங்கேயே அமர்ந்திருந்தார்.

அவர் யாத்திரை முடிந்ததா, முடியவில்லையா? கோல் உச்சி வரை சென்றது, உடையவர் செல்லவில்லை. அவள் வணங்கிய வணக்கத்தின் புண்ணியம் அம்மையாருக்குச் சேருமா என்று பின்னர் சிலர் கேட்டனர். அன்பர்களே, நம் சமயத்தில் இதற்கு விடை தெளிவாக உண்டு. ஒருவர் ஈட்டிய புண்ணியத்தை மற்றொருவருக்கு மாற்றித் தர இயலாது. கோல் கைமாறும், வினைப்பயன் கைமாறாது. மேலே வணங்கியவளுக்கு அவள் பாவத்தின் பயன். கீழே அமர்ந்தவருக்கு அவர் பாவத்தின் பயன். பாறையில் அமர்ந்து, தமக்குரியதைக் கொடுத்து, பிறர் ஏறியதில் மகிழ்ந்து, சினமும் ஏக்கமும் இன்றி அஞ்செழுத்தினும் மேலான ஐந்து பதங்களை எண்ணிய அந்த உள்ளத்தின் தூய்மை யாரிடமிருந்தும் பெற்றதன்று, அவரே ஈட்டியது. தூரத்தை அளக்கக் கிலோமீட்டர் உண்டு. விசுத்தியை அளக்க அது உதவாது.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்குகிறது. அவரை வீட்டிலேயே அமர்த்தியிருந்தால் சீதா நாலா வரை அவர் நடந்த நடையும் இல்லை. கொடுத்த கொடையும் இல்லை. முடியும் தூரம் வரை செல்ல விடுவதே துணை. முடியாத இடத்தில் நிற்க விடுவதும் துணை. முன்னது தர்ம திரவியத்தின் பாடம். பின்னது அதர்ம திரவியத்தின் பாடம். 'ஏறியே ஆக வேண்டும்' என்று முதியவரை இழுப்பவர், 'ஏறவே கூடாது' என்று தடுப்பவர் இருவரும் இவ்விரு திரவியங்களைப் படித்தும் அறியாதவர் ஆவர்.

வீட்டை விட்டு நகரவே இயலாத முதியோரும் நோயுற்றோரும் நம் குடும்பங்களில் உள்ளனர். அவர்கள் வருந்த வேண்டா. நிர்வாண காண்டம் ஓதி, இருபது டோங்குகளையும் ஒவ்வொன்றாக மனத்தால் வலம்வந்து செய்யும் பாவ வந்தனை அவர்களுக்கு உண்டு. யாத்திரை சென்று வந்தவர் செய்ய வேண்டுவது ஒன்று: பிரசாதப் பொட்டலத்தை நீட்டிவிட்டு நகராமல், அவர் அருகே அமர்ந்து, எந்த டோங்கில் யாருடைய திருவடி, எங்கு ஏற்றம், எங்கு நீரோடை என்று பொறுமையாகச் சொல்லுதல் வேண்டும். அச்சொல்லே அவருக்கு ஊன்றுகோல். நம் மரபினர் குந்தகுந்தர் அருளியதாகப் போற்றும் திருக்குறளில் கேள்வி அதிகாரம், ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லை வழுக்கு நிலத்தில் ஊன்றும் கோலுக்கு ஒப்பிடுகிறது. மூங்கிலால் ஆன கோல் மலைக்கு உதவும். நல்லோர் சொல்லால் ஆன கோல் படுக்கையில் கிடப்பவருக்கும் உதவும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களில் பயன்படாமல் கிடக்கும் ஊன்றுகோல்கள் இருக்கலாம். மறைந்த பெற்றோரின் நினைவாகக் கதவின் பின்னே சாய்த்து வைத்திருப்பீர்கள். அந்நினைவை மதிக்கிறோம். ஆயினும் அக்கோல் நடப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் ரப்பர் முனையை மாற்றி, துடைத்து, அடுத்து யாத்திரை செல்வார் கையில் கொடுங்கள். உங்கள் தாய் ஏறாத மலையை அவர் கோல் ஏறி வரட்டும். யாத்திரை சென்றவரும் அதனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், அடுத்தவருக்கு அளித்து உதவ வேண்டும். ஒரு கோல் பத்துக் கைகளில் மாறுமாயின், பத்து வீடுகளில் அபரிக்கிரகம் பேச்சாக இல்லாமல் பழக்கமாகும்.

பிறவி என்னும் நெடுவழியில் நாம் எல்லாரும் நடந்துகொண்டிருப்பவரே. ஒருநாள் கைக்கோலும் வேண்டாத நிலை வரும். மயிற்பீலியும் கமண்டலமும்கூட வேண்டாத நிலை அதற்கப்பால் உள்ளது. அதுவரை நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைத் துணையாகப் பற்றி, காலடியிலும் கோலடியிலும் உயிர்களைக் காத்து, தளர்ந்தாரைத் தாங்கி நடப்போமாக.

அனைத்துயிரும் இன்புறுக! அறம் வளர்க!

ஜெய் ஜினேந்திரா!